ஓட்டைக்கு ஓட்டை எத்தனை எம்.எம்.?

ஞாயிற்றுக்கிழமை இரவு. சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்த கையோடு அக்கா மகள் இரண்டு டார்கெட் அட்டைகளை எடுத்துப் பரப்பினாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். மூன்று வருஷமாக ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அதில் போடும் சின்னக் குண்டுக்குப் பெல்லட் என்று பெயர். போனை அட்டைக்கு மேலே பிடித்துப் படம் எடுத்தாள். திரையில் தெரிந்த ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளக்கும் செயலி அது. 1.31 மி.மீ. என்று வந்தது. அடுத்த அட்டைக்கு 2.04.

"மாமா, பார்த்தீங்களா? நீல டப்பா பெல்லட்தானுங்க நம்ம ரைஃபிளுக்கு ஒத்துப்போகுது. சிவப்பு இனி வேண்டாம்."

நான் பம்புசெட் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். தினமும் காலையில் கையில் எடுக்கும் முதல் பொருள் வெர்னியர் என்ற அளவுகருவிதான். அதனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்களைப் பார்த்ததும் அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது: இந்தக் கருவியின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அது அளக்கக்கூடிய மிகச் சின்ன அளவு, என்ன? 1.31 என்று சொல்கிறதே, திரும்ப அளந்தாலும் அதே 1.31தான் வருமா?

அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே ஆறு மாசம் போய்விட்டது. அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். பேப்பர் டார்கெட்டில் பழகுகிற பிள்ளைகள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். குண்டு விழுந்த இடத்தைத் தானே காட்டும் எலக்ட்ரானிக் டார்கெட் எல்லா ரேஞ்சிலும் கிடையாது. இருக்கிற இடத்திலும் எல்லாருக்கும் எல்லா நாளும் லேன் கிடைப்பதில்லை. அவர்களுக்கு போன் செயலி பெரிய வரம். அந்த வரத்தைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் கவலை.

பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டை 80 மி.மீ.க்கு 80 மி.மீ. சதுரம். வெளியே உள்ள ஒன்றாம் வளையத்தின் விட்டம் 45.5 மி.மீ. நடுவில் இருக்கும் கருப்பு 30.5 மி.மீ. பத்து என்பது வளையம்கூட இல்லை, அரை மி.மீ. புள்ளி. சுடும் பெல்லட்டோ 4.5 மி.மீ. அதாவது புள்ளியைவிட ஒன்பது மடங்கு அகலமான பொருளால் புள்ளியைத் தொட வேண்டும். பெல்லட்டின் விளிம்பு புள்ளியை உரசினாலே 10.0. மையத்தோடு மையம் கால் மி.மீ.க்குள் பொருந்தினால் 10.9. இடையில் ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் 0.1 குறையும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதுதான் 'குரூப்'. ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் உள்ள இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தைத்தான் எல்லாரும் குரூப் சைஸ் என்பார்கள். செயலி வருவதற்கு முன்னால் இதற்கு வெர்னியர்தான். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, பெல்லட்டின் விட்டம் 4.5ஐக் கழிப்பார்கள். எங்கள் கோச் சார் இன்னும் அப்படித்தான் அளக்கிறார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. காகிதத்தில் விழும் ஓட்டை பெல்லட்டைவிடச் சற்றுச் சின்னது, ஏனென்றால் நார் உள்பக்கம் மடங்கித் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். கெட்டி அட்டையில் கொஞ்சமாகவும் சாதாரணத் தாளில் நன்றாகவும் சின்னதாகும். 4.5ஐக் கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் குரூப் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். அதே அட்டையில் ஒரு ஓரத்தில் தனியாக ஒரு குண்டு சுட்டு, அந்த ஓட்டையை அளந்து, அந்த அளவைக் கழிப்பதுதான் சரி.

செயலி இந்த வேலையைப் படத்தை வைத்துச் செய்கிறது. அளவு தெரிந்த ஒன்றைப் படத்தில் காட்ட வேண்டும், அது வளையமாகவோ இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தூரமாகவோ இருக்கலாம். அப்புறம் குறிவைத்த இடத்தையும் ஓட்டைகளையும் தொட வேண்டும். பாலிஸ்டிக்-எக்ஸ் போன்றவை இந்த வகை; எந்த டார்கெட்டாக இருந்தாலும் சரி. டார்கெட்ஸ்கேன் போன்றவை போட்டி அட்டைகளுக்கானவை. வளையத்தைத் தாமே அடையாளம் கண்டு ஸ்கோரையும் தசமத்தோடு சொல்லும். கம்ப்யூட்டர் காலத்திலேயே ஆன்டார்கெட் என்ற மென்பொருளில் அட்டையை ஸ்கேன் செய்து அளந்தவர்கள் உண்டு. வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். படத்தில் புள்ளிகளை எண்ணி மில்லிமீட்டராக மாற்றுகிறது, அவ்வளவே. அந்தக் கணக்கில் அது தவறாது. தவறு உள்ளே போகிற படத்திலும் நம் விரலிலும்தான்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் கம்பெனியில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்தேன். ஒரே பொருளைப் பத்து முறை அளப்பது. 1.31 வந்த அதே அட்டை, அதே போன், அதே செயலி. ஒவ்வொரு முறையும் புதுப் படம், புதிதாக விரல். வந்தது 1.12 முதல் 1.58 வரை. அட்டையில் எதுவும் மாறவில்லை, ஐந்து ஓட்டைகளும் அங்கேயேதான் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முகம் வாடிவிட்டது. "அப்போ இத்தனை நாளா நோட்டுல எழுதினதெல்லாம் பொய்யா மாமா?" என்றாள். பொய் இல்லை கண்ணு, ஆனால் முதல் தசமத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்றேன்.

எங்கே ஆட்டம் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். முதலில் சந்தேகப்பட்டது போனின் சாய்வை. போன் 15 டிகிரி சாய்ந்தால் அந்தத் திசையில் நீளம் 3.4 சதவீதம் குறைவாகத் தெரியும். கேட்டால் பெரிதாக இருக்கிறது. ஆனால் 1.3 மி.மீ. குரூப்பில் 3.4 சதவீதம் என்பது 0.04 மி.மீ.தான். சாய்வும் அளவுகோல் பிழையும் சதவீதப் பிழைகள். குரூப் பெரிதானால்தான் அவை கடிக்கும். 50 மீட்டரில் .22 ரைஃபிள் சுடுபவருக்கு 20 மி.மீ. குரூப் என்றால் அதே சாய்வு கிட்டத்தட்ட 0.7 மி.மீ.ஐத் தின்றுவிடும். அவர் போனை மட்டமாகப் பிடிக்கத்தான் வேண்டும். நம் 10 மீட்டர் அட்டையில் உண்மையான எதிரி விரல். ஓட்டையின் மையம் என்று நினைத்து நாம் தொடும் இடம் 0.1, 0.2 மி.மீ. தள்ளிப்போகும். குரூப் சின்னதோ பெரிதோ, இந்தப் பிழை அப்படியே இருக்கும். நல்ல குரூப் வந்த அன்றைக்குத்தான் அளவு அதிகமாகப் பொய்க்கும் என்பது எனக்கு வருத்தமான கண்டுபிடிப்பு.

விரல் தடுமாறுவதற்குக் காரணம் ஓட்டை சரியாகத் தெரியாததுதான். கருப்பு வட்டத்தில் விழுந்த ஓட்டைக்குப் பின்னால் இருட்டு மேசை இருந்தால் கருப்பில் கருப்பு. பின்னால் வெள்ளைத் தாள் வைத்தால் கருப்பில் விழுந்தது பளிச்சென்று தெரியும், வெள்ளைப் பகுதியில் விழுந்தது காணாமல் போய்விடும். டியூப் லைட் ஒரு பக்கமிருந்து அடித்தால் ஓட்டையின் ஒரு விளிம்பில் பிறை மாதிரி நிழல் விழுந்து மையத்தை இழுத்துவிடும். பிய்ந்த நார் வேறு மேலே துருத்திக்கொண்டிருக்கும். முதலில் அட்டையைத் திருப்பிப் போட்டு நகத்தால் நாரை மெல்ல நீவிவிட்டோம். அப்புறம் பின்னால் வைக்க நிறத் தாள் தேடினோம். அலமாரியில் கிடந்தது போன தை மாசம் வந்த கல்யாணப் பத்திரிகையின் உறை. நல்ல மஞ்சள், கெட்டித் தாள், பளபளப்பில்லை. அதை அட்டைக்கு அடியில் வைத்ததும் கருப்பிலும் வெள்ளையிலும் ஓட்டைகள் மஞ்சள் காசு மாதிரி தெரிந்தன. செயலியே விளிம்பைத் தானாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தது.

இன்னும் இரண்டு காரியம். போனை அட்டைக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோகாமல் ஒன்றரை அடி தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தோம். பக்கத்தில் போனால் லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். வெளிச்சத்துக்கு டியூப் லைட்டை விட்டுவிட்டுக் காலை வேளையில் வாசல் திண்ணைக்கு மாறினோம். மறுபடி பத்துப் படம் எடுத்தோம். இந்த முறை 1.29 முதல் 1.41 வரை. எனக்கு நிம்மதி வந்தது. இது கருவி என்று சொல்லத் தக்கது.

அளவுகோல் விஷயத்திலும் ஒரு அனுபவம். அட்டை தீர்ந்துபோன ஒரு வாரம், கோப்பிலிருந்து பிரிண்ட் எடுத்து வந்தாள். வெர்னியர் வைத்தால் ஒன்றாம் வளையம் 44.1 மி.மீ. பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கி அடிக்கும் அமைப்பை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள், மூன்று சதவீதம் சுருங்கிவிட்டது. செயலியோ அதை 45.5 என்று நம்பி எல்லாவற்றையும் பெருக்கிச் சொல்லும். கூடவே கருப்பும் சின்னதாகி, சைட்டுக்குள் (ரைஃபிளில் குறிபார்க்கும் பாகம்) வட்டத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை இடைவெளியும் மாறிவிடும். பிள்ளைகளின் கண் பழகுவது அந்த இடைவெளிக்குத்தான். பிரிண்ட் எடுத்தால் நூறு சதவீதத்தில் எடுங்கள், ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

சரி, அளவு ஒழுங்காகிவிட்டது. நீல டப்பா நல்லதா, சிவப்பு நல்லதா? இங்கேதான் பெரிய விஷயம் இருக்கிறது, எல்லாரும் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

ஒரே ரைஃபிள், ஒரே பெல்லட், ஒரே கை. ஐந்து குண்டு சுட்டு அளந்து, மறுபடி ஐந்து சுட்டு அளந்தால் ஒரே அளவு வராது. எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிதறல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால், ஐந்து குண்டு குரூப்பின் அளவு அதன் சராசரியைச் சுற்றிச் சுமார் 27 சதவீதம் ஆடும். சராசரி 1.6 என்றால் 1.2ம் வரும், 2.0ம் வரும், மூன்றில் இரண்டு முறை இதற்குள், மூன்றாவது முறை இதற்கும் வெளியே. ஆக 1.31ம் 2.04ம் ஒரே டப்பாவிலிருந்தே வந்திருக்கலாம்! குண்டுகளின் எண்ணிக்கை கூடினால் குரூப்பும் பெரிதாகும் என்பது இன்னொன்று. மூன்று குண்டு குரூப்பைவிட ஐந்து குண்டு குரூப் சராசரியாகக் கால்வாசிக்கு மேல் பெரிது. ஐந்தைவிடப் பத்து இன்னொரு கால்வாசி பெரிது. அதனால் எத்தனை குண்டு என்று சொல்லாமல் குரூப் சைஸ் சொல்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

மையத்துக்கு மையம் அளப்பதன் குறையே இது. பத்து குண்டு சுட்டாலும் இரண்டு ஓட்டைதான் கணக்கில் வருகிறது. மீதி எட்டும் எங்கே விழுந்தன என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. எட்டு குண்டுக்குப் பட்ட பாடு வீண்.

இதற்கு மாற்று செயலிக்குள்ளேயே இருக்கிறது, கீழே சின்ன எழுத்தில்: சராசரி ஆரம். எல்லா ஓட்டைகளுக்கும் பொதுவான மையத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஓட்டையும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்த்து, சராசரி எடுப்பது. ஒரு குண்டுகூட வீணாகாது. வெர்னியரை வைத்துக்கொண்டு ஐம்பது ஓட்டைக்கு இதைச் செய்ய ஒரு ஞாயிறு போதாது. போன் ஒரு நொடியில் செய்கிறது. செயலியின் உண்மையான அருமை இதுதான் என்பேன்.

ஒரே அட்டையில் பத்து குண்டு சுட்டால் எல்லாம் ஒரே கிழிசலாகிவிடும். நடுவில் ஒளிந்திருப்பதை எந்தச் செயலியாலும் பிரிக்க முடியாது. அதனால் அட்டைக்கு ஒரு குண்டு. எல்லா அட்டையையும் செயலி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கணக்குப் போடும். ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்து நீலத்தில் ஐம்பது, சிவப்பில் ஐம்பது, மாற்றி மாற்றிச் சுட்டோம். அரை நாள் ஆனது. நீலத்துக்குச் சராசரி ஆரம் 0.66 மி.மீ. சிவப்புக்கு 0.63. வித்தியாசமே இல்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டும். அந்த ஞாயிறு இரவு வேண்டாம் என்று தள்ளிய டப்பா ஒரு குறையும் இல்லாதது.

ஃப்ளையர் பற்றியும் சொல்ல வேண்டும். தனியாக ஓடிப்போன குண்டு அது. செயலியில் விரலை வைத்து அழுத்தினால் அந்த ஓட்டையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். 'கை ஆடிடுச்சு, அது வேண்டாம்' என்று நீக்கியதும் குரூப் அழகாகிவிடும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கம்பெனியில் ஒத்துவராத அளவைப் பதிவேட்டிலிருந்து அழிக்கிறவரை நாங்கள் ஆய்வில் வைத்துக்கொள்ள மாட்டோம். கோச் சார் ஒரு வழி சொன்னார். ட்ரிகர் அழுத்தியதும், அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால், எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வலது மேலே, ஒன்பதரை" என்று சொல்லி அதே இடத்தில் விழுந்திருந்தால் அது கையின் குண்டு. பெல்லட் சோதனையில் அதற்குத் தனிக் குறி போட்டு, அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்கும் எழுதலாம். சொல்லாமல் விட்டதை, பார்த்த பிறகு நீக்கக் கூடாது. இந்தப் பழக்கம் வந்த பிறகு அவள் குண்டு போகும் இடத்தைச் சொல்வதில் தேறிவிட்டாள்.

இப்போது ஞாபகத்தில் வைக்கச் சொன்ன கணக்கு. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கால் மி.மீ.க்கு 0.1 குறைகிறது என்றால், தசம ஸ்கோர் என்பதே மையத்திலிருந்து உள்ள தூரம்தான், வேறு வேஷத்தில். சராசரி ஸ்கோரை 10.95லிருந்து கழித்து 2.5ஆல் பெருக்கினால், இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து குண்டுகள் விழுந்த சராசரித் தூரம் மி.மீ.ல் வந்துவிடும். (10.9 என்பது 0 முதல் கால் மி.மீ. வரை பரவியிருப்பதால், நடுவை எடுக்க 0.05 கூட்டுகிறோம்.) கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 எடுத்தார். குண்டுக்கு 10.51. கணக்குப் போட்டால் 1.1 மி.மீ. நின்றுகொண்டு, நெஞ்சு துடிக்க, உலகமே பார்க்க, அறுபது குண்டும் நடுப்புள்ளியிலிருந்து சராசரியாக 1.1 மி.மீ. தூரத்தில்! அதற்கு அவருக்குக் கிடைத்தது பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இந்த விளையாட்டின் கூர்மை எப்பேர்ப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

அக்கா மகளின் சராசரி 10.2. தூரமாக மாற்றினால் 1.9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மணல் மூட்டையில் ரைஃபிளும் பெல்லட்டும் சேர்ந்து கொடுத்தது 0.65. தனித்தனிக் காரணங்களால் வரும் சிதறல்கள் அப்படியே கூட்டினால் வராது, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ரைஃபிளின் சிதறலை அடியோடு ஒழித்தாலும் அவளுடைய 1.9 ஏறத்தாழ 1.8 ஆகும், அவ்வளவுதான். அறுபது குண்டில் மூன்று புள்ளிகூட இல்லை. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே உள்ள அந்த 0.03 உண்மையாகவே இருந்தாலும், அறுபது குண்டில் கால் புள்ளி. மீதியெல்லாம் நிற்பதிலும் மூச்சிலும் ட்ரிகர் விரலிலும் இருக்கிறது. இதை நோட்டில் எழுதிக் காட்டியபோது வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "அப்போ என்கிட்டதானுங்க மாமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி முன்னால் காலி ரைஃபிளோடு நிற்கப் போய்விட்டாள்.

மையம் எங்கே இருக்கிறது என்று செயலி சொல்வதும் நல்ல உபயோகம். குரூப் நெருக்கமாக இருந்து மையம் மட்டும் தள்ளியிருந்தால் சைட்டைத் திருப்ப வேண்டும். எவ்வளவு? பத்து குண்டு சுட்டு மையத்தைக் குறித்துக்கொண்டு, பத்து கிளிக் (சைட்டின் திருகு நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) திருப்பி, இன்னொரு பத்து குண்டு. எங்கள் சைட்டில் மையம் 2.8 மி.மீ. நகர்ந்தது, ஆக ஒரு கிளிக்குக்கு 0.28. ஒரே ஒரு குண்டு ஓரமாகப் போனதும் உடனே கிளிக்கைத் திருப்பும் வழக்கம் அதற்குப் பிறகு நின்றது.

வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே ஓட்டையாக விழுந்த ஐந்து குண்டுப் படம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஏங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டைக்கு முன்னும் பின்னும் சுட்ட அட்டைகள் யாருக்கும் வருவதில்லை. ஏங்காதீர்கள். உங்கள் நோட்டில் உங்களுடைய எல்லாக் குண்டும் இருக்கட்டும்.

போன வாரம் அறுபது அட்டையையும் அவளே அளந்து முடித்தாள். சராசரி 10.27. போன மாசத்தைவிட மேல், ஆனால் இன்னும் இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அவளே நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். பழைய உறை மடிப்பு விட்டுக் கிழிந்துவிட்டது. ஆவணியில் மூன்று முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வரவேண்டியிருக்கிறது. மஞ்சள் உறையாக வந்தால் தூக்கிப் போட்டுவிடாதே என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.